விழுது இறங்கும் மண்: நிலக்கடலையில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும்

நிலக்கடலைச் சாகுபடி பற்றிய இக்கருத்தரங்கு, விதைக்கும் நோய்க்கும் சந்தைக்கும் முன்னதாகச் சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, முதல் அமர்வின் பொருளாக எடுத்துக்கொண்டிருப்பது பொருத்தமே. செடி தழைத்து, பூவும் விழுதும் நிறையக் கண்ட வயலிலும் பறிக்கும்போது பொக்குக் காய்களே மிகுமானால், முதலில் ஐயுற வேண்டியது இச்சத்தின் குறைவையே. இலையில் பெரும்பாலும் அறிகுறி ஏதும் காட்டாமல் மண்ணுக்குள்ளேயே நிகழ்ந்து முடிந்துவிடும் குறை இது.

கருவுற்ற பூவின் சூலகத்தின் அடிப்பகுதி நீண்டு, விழுது அல்லது ஊசி என்று உழவர் வழங்கும் காம்பாகி மண்ணுள் இறங்கி, அதன் நுனி இருளில் காயாகப் பருக்கிறது. வேர் உறிஞ்சும் கால்சியமோ, இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவையால் சைலம் எனும் நீர்க்குழாய்களின் வழியே மேலேறுகிறது. ஏறிய பின், உணவைக் கொண்டுசெல்லும் புளோயம் எனும் குழாய்களின் வழியே அது காய்க்குப் போதிய அளவில் திரும்பி வருவதில்லை. புதைந்துள்ள காயிலிருந்து நீர் ஆவியாவதும் இல்லையாதலால், காய் தனக்கு வேண்டியதைச் சுற்றியுள்ள மண்நீரிலிருந்து தன் தோட்டின் வழியாகத் தானே உறிஞ்சியாக வேண்டும். வேர்ப்பகுதியையும் காய்ப்பகுதியையும் தனித்தனியே பிரித்து 1940களில் அமெரிக்காவில் நடந்த சோதனைகளும், பிளெட்சோ, கோமர், ஹாரிஸ் ஆகியோர் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு செய்து 1949இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வுண்மைக்குச் சான்றளித்தன.

இதன் விளைவு, பயிர் முழுவதற்குமான மண்வளம் என்ற கணக்கு இங்கே போதாது என்பதே. காய்கள் உருவாவது பெரும்பாலும் மேல்மண்ணின் 8 செ.மீ. அளவுக்குள், மண் மாதிரி எடுப்பதோ வழக்கமாக 15 செ.மீ. ஆழம் வரை. கீழே சுண்ணாம்பு மிகுந்து மேலே குறைந்த வயலை ஆய்வகத் தாள் நல்ல வயல் என்று சொல்லிவிடக்கூடும். பொட்டாசியமும் மக்னீசியமும் காய் மண்டலத்தில் மிகுந்தால் கால்சியத்தோடு போட்டியிடும் என்பதால், பொட்டாஷ் உரத்தை விழுது இறங்கும் மேல்மண்ணில் பிற்பாடு தூவுவதும் கேடாகவே முடியும்.

குறையின் அடையாளத்தைப் பருப்பைப் பிளந்தே பார்க்க வேண்டும். இரு பருப்பிலைகளுக்கும் நடுவே வெளுத்திருக்க வேண்டிய முளைக்குருத்து கறுத்திருப்பின், அது கால்சியக் குறையைச் சுட்டும். பருப்பிலையின் உட்புறத்தில் குழி விழுந்து பழுப்பேறியிருப்பின் அது போரான் குறைவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஜிப்சத்தை இட்டுவிட்டுப் பயன் காணாதோர் உண்டு. கருமுளைப் பருப்பு எண்ணெய்க்கு உதவலாமே தவிர, விதைக்கு உதவாது. ஆகவே விதைப்பண்ணைகளுக்கு இக்குறையால் நேரும் இழப்பு விளைச்சல் எடையில் தெரிவதைவிடப் பெரிது.

ஜிப்சம் என்பது நீரேறிய கால்சியம் சல்பேட். தூய நிலையில் அதில் ஏறத்தாழ 23 விழுக்காடு கால்சியமும் 18 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கந்தகமும் உள்ளன. ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்கு மேல் கரையும் இப்பொருள், அதனினும் மிகக் குறைவாகக் கரையும் சுண்ணாம்புக்கல் தூளைவிட விரைவில் காயை எட்டும். மண்ணின் கார நிலையையும் உயர்த்தாது. புளிப்பு மண்ணைத் திருத்துவதே நோக்கமெனில் சுண்ணாம்புத் தூளை விதைப்புக்கு முன் இடுவதே முறை. தமிழ்நாட்டில் எக்டருக்கு 400 கிலோ ஜிப்சத்தை விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், களைக்கொத்துக்குப் பின் செடியோரம் இட்டு மண் அணைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. தூய ஜிப்சமாயின் இது ஏறத்தாழ 92 கிலோ கால்சியம். கடையில் கிடைப்பது அவ்வளவு தூயதன்று என்பதையும் மறக்கலாகாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்கு இது வேண்டுவதில்லை.

அளவைப் பற்றி நிறையவே பேசியாயிற்று; பேசாமல் விடப்பட்டது காலமும் ஈரமும். முழு அளவையும் விதைப்பின்போதே இட்டால், மணற்பாங்கான செம்மண்ணில் பெருமழை அதைக் காய் மண்டலத்துக்குக் கீழே கொண்டுபோய்விடும். மண் அணைத்த பின் மழை பொய்த்தாலோ, மண்ணில் கால்சியம் இருந்தும் அதைக் காய்க்குச் சேர்க்கும் நீர் இராது. விழுது மண்ணுள் புகுந்த பின்வரும் சில வாரங்களிலேயே காய் தன் தேவையின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவதால், பிற்பாடு வரும் மழை அவ்விழப்பை முழுதும் ஈடுசெய்வதில்லை. பருமனான பருப்புடைய ரகங்களுக்கு இத்தேவை மேலும் கூடுதல். அவற்றையும் சிறுபருப்புக் கொத்து ரகங்களையும் ஒரே அளவுகோலால் அளப்பது சரியன்று.

ஆதலின், கட்டுரை வழங்குவோர் விளைச்சல் அட்டவணையோடு, மண் மாதிரி எடுத்த ஆழத்தையும், ஜிப்சம் இட்ட நாளையும், அதனையடுத்து மழை பெய்த நாட்களையும், அறுவடை விதையின் முளைப்புத்திறனையும் சேர்த்து முன்வைக்குமாறு இவ்வவை வேண்டுகிறது. 45ஆம் நாளில் மண் காய்ந்து கிடக்கும் மானாவாரி வயலில் ஜிப்சத்தை அப்போதே இட்டு அணைப்பதா, ஈரத்துக்காகக் காத்திருப்பதா, காத்திருப்பின் எத்தனை நாள் என்னும் கேள்வியோடு முதல் அமர்வு தொடங்குகிறது.