மெலிவதற்கும் உண்ண வேண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கற்றறிந்தோர் பலர் பேசிச் சிறப்பித்த மேடை இது. யாமோ பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராகக் காலம் கழித்து வருகிறோம். இலக்கியம் பற்றி இவ்வவையில் வாய்திறக்க எமக்குத் தகுதியில்லை. ஆயினும், “உமக்கு நேர்ந்ததைச் சொல்லும், நாலு குடும்பங்களுக்குப் பயன்படும்” என்று செயலாளர் அவர்கள் வற்புறுத்தினார்கள். ஆகவே, உடல் மெலிவதற்காக யாம் பட்ட பாட்டையும், அதனால் எம் இல்லத்தில் விளைந்த துன்பத்தையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் சுருங்கச் சொல்ல முன்வந்துள்ளோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் மருத்துவர் ஒருவர் எம்மை நிறுத்துப் பார்த்தார். எடை 84 கிலோ. வயிற்றைச் சுற்றி நாடாவை வைத்தார், 102 சென்டிமீட்டர். இந்திய ஆடவர்க்கு அது 90 சென்டிமீட்டருக்குள்ளும், மகளிர்க்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருத்தல் வேண்டும் என்பது மருத்துவர் வகுத்துள்ள அளவு. மேல்நாட்டாரைக் காட்டிலும் நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவுக்கு வழிகோலுகிறது. இது எமக்கு மட்டும் உற்ற குறையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என்றும், ஏறத்தாழ 35 கோடிப் பேர்க்கு வயிற்றுப் பருமன் உண்டு என்றும் அது மதிப்பிட்டது.

எம் பருமனுக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. காலையில் ஆறு இட்டலி. நண்பகலில் சாம்பாருக்கு ஒருமுறை, இரசத்திற்கு ஒருமுறை, தயிருக்கு ஒருமுறை என மும்முறை சோறு. மாலையில் வீடு திரும்பும் வழியில், எண்ணெயில் பொரித்த தெலேபாஜா. வங்கத்தில் வாழ்கிறோம் என்ற பெருமைக்கு இரண்டு சந்தேஷ். எஞ்சிய நேரமெல்லாம் நாற்காலி. தமிழ்நாட்டுச் சோற்றையும் வங்கநாட்டு இனிப்பையும் சேர்த்து உண்டோம். இரண்டு நாட்டு உழைப்பையும் விட்டுவிட்டோம்.

அந்நாளில் நண்பர் ஒருவர் ஒரு டப்பாவைக் கொணர்ந்தார். காலையும் இரவும் உணவை விடுத்து, அதிலுள்ள பொடியை நீரில் கலக்கிக் குடித்தால் எடை குறையும் என்றார். டப்பா ஒன்றின் விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். மாதத்திற்கு மூன்று டப்பாக்கள் வேண்டும். எம் இல்லத்தில் நால்வர்க்கு இரண்டு மாதம் காய்கறி வாங்கும் தொகை அது. துணைவியார் தயங்கினார், யாம் கேட்கவில்லை.

எடை குறைந்தது, மறைக்க விரும்பவில்லை. இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தோம். அலுவலகத்தில் எல்லோரும் வியந்தனர். மூன்றாம் மாதத்தில் பணமும் தீர்ந்தது, பொறுமையும் தீர்ந்தது. பழைய உணவுக்குத் திரும்பினோம். அடுத்த ஆறு மாதத்தில் போன ஆறு கிலோவும் திரும்பி வந்தது. துணைக்கு ஒரு கிலோவையும் அழைத்து வந்தது.

காலங்கடந்த பின்னரே டப்பாவின் மீது அச்சிட்டிருந்ததைப் படித்தோம். பொதிகளில் அடங்கிய பொருள்களை, எடையில் மிகுந்தது முதலிலும் குறைந்தது இறுதியிலுமாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். எம் டப்பாவில் புரதப் பொடி, மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்து, செயற்கை மணம், செயற்கை இனிப்பு எனப் பட்டியல் நீண்டது. உடம்பைக் கரைக்கும் பொருள் என்று ஒன்றும் அதில் இல்லை. இருவேளை உணவை நிறுத்தினோம். அதனால் எடை குறைந்தது. பட்டினி எம்முடையது, பெருமை டப்பாவினுடையது! டப்பா எமக்கு உண்ணக் கற்றுக் கொடுக்கவில்லை. ஆதலின் டப்பா போனதும் பழைய வழக்கம் வந்து அமர்ந்துகொண்டது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதனை மேடையில் சொல்லியிருக்க மாட்டோம். எமக்கு ஒரு மகள் உண்டு. அப்போது பதினாறு வயது. பருத்தவள் அல்லள். ஆயினும் தந்தை நாள்தோறும் எடைப் பொறியின் மேல் ஏறி இறங்குவதையும், கால் கிலோ குறைந்தால் மகிழ்வதையும், கூடினால் முகம் வாடுவதையும் அவள் பார்த்திருந்தாள். பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய சிற்றுண்டியைத் தோழியர்க்கு ஈந்துவிட்டு, எம் டப்பாவிலிருந்து சிறிது பொடியை எடுத்துக் குடித்து வந்திருக்கிறாள். யாம் டப்பாவை விட்ட பின்னும் அவள் பட்டினியை விடவில்லை. ஒருநாள் மாலை வீட்டுப் படிக்கட்டில் மயங்கி வீழ்ந்தாள். குருதியில் இரும்புச் சத்து மிகக் குறைந்துவிட்டது என்றார் மருத்துவர். நம் நாட்டு மகளிருள் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 57 பேர் குருதிச் சோகை உடையவர் என்று 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அக்கணக்கில் எம் மகளையும் யாமே கொண்டுபோய்ச் சேர்த்தோம். கடிந்து கேட்டபோது அவள் சொன்னாள்: “நீங்கள் செய்ததைத்தானே அப்பா நானும் செய்தேன்?” எமக்கு மறுமொழி இல்லை.

அன்றிலிருந்து, இது குறித்து அறிந்தவர்கள் சொல்வதைத் தேடிப் படிக்கலானோம். அவற்றுள் மூன்றைச் சொல்கிறோம்.

அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரும் அவர் குழுவினரும் 2019ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 20 பேரை நான்கு வாரம் ஓரிடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் ஆக்கிய உணவும், இரண்டு வாரம் இயற்கைப் பொருள்களைக் கொண்டு சமைத்த உணவும் வழங்கினர். சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை இருவகை உணவிலும் ஒத்த அளவே. வேண்டுமட்டும் உண்ணலாம் என்றனர். ஆலை உணவை உண்டபோது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டு, இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடினர். சமைத்த உணவை உண்டபோது ஏறக்குறைய அவ்வளவே குறைந்தனர். ஆலை உணவை அவர்கள் விரைந்து உண்டதும் தெரியவந்தது. மென்று தின்னும் உணவு வயிறு நிறைந்ததை நமக்கு உணர்த்துகிறது. விழுங்கும் உணவு, அதனை உணர்வதற்குள் உள்ளே போய்விடுகிறது.

இரண்டாவது, செயற்கை இனிப்புகளை எடை குறைக்கும் வழியாகக் கொள்ள வேண்டாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவுறுத்தியது. முன்னரே நீரிழிவு உடையவர்களுக்கு அவ்வறிவுரை உரியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு நெறிமுறைகள். நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் உண்ணுக என்றும், ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவைக் குறைத்திடுக என்றும், தசை வளர்ப்பதற்கெனப் புரதப் பொடிகளை நாட வேண்டா என்றும் அது கூறுகிறது.

இந்நிறுவனம் பிறந்தது நம் தமிழ்நாட்டில் என்பது பலரும் அறியாதது. 1918ஆம் ஆண்டில் நீலகிரிக் குன்னூரில், இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் சிறிய அளவில் தொடங்கியது அது. 1958ஆம் ஆண்டில்தான் ஐதராபாத்திற்குப் பெயர்ந்தது. மெக்காரிசன் குன்னூரில் எலிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து, இந்நாட்டு மக்கள் பலரின் உணவுகளை ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒன்றாகக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. கடைசி இடத்தைப் பெற்றவை எவை தெரியுமா? வங்காளியர் உணவும் சென்னை மாகாணத்தார் உணவும்! காளிகாட்டில் வாழும் தமிழராகிய நமக்கு இது இருமடங்கு பொருந்தும் செய்தி. தீட்டிய அரிசியே தட்டை நிறைக்க, பாலும் காய்கறியும் அருகியிருந்தமையே அதற்குக் காரணம். வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரையிட்ட தேநீர், டப்பா இறைச்சி முதலிய ஏழை ஆங்கிலேயர் உணவையும் அவர் சில எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவை வளர்ச்சி குன்றி, ஒன்றையொன்று கடித்துக் குதறின.

எலிக்கு நேர்ந்ததெல்லாம் மனிதனுக்கு நேரும் என்று யாம் சொல்லவில்லை; அவ்வாய்வு மெலிவதைக் குறித்ததும் அன்று. ஆயினும் அதனால் ஒன்று தெளிவாகிறது. “எங்கள் பாட்டன் உண்டதையே உண்கிறோம்” என்று சொல்லித் தப்ப முடியாது. டப்பாவை விட்டொழித்தால் மட்டும் போதாது. சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டவும் வேண்டும்.

அதற்கு வேண்டிய எல்லாம் நம் வாயிற்புறத்தில் இருக்கின்றன. லேக் மார்க்கெட்டுக்குச் சென்றால் வாழைப்பூவும் முருங்கையும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. நாம் வாழைப்பூ என்பதை வங்காளியர் மோச்சா என்பர். வாழைத்தண்டைத் தோர் என்பர். சுரைக்காயை லாவு என்பர். சிறுபாகலை உச்சே என்பர். கசப்பான சுக்தோவை முதலில் உண்டு நண்பகல் உணவைத் தொடங்குவது அவர்கள் மரபு. அது நாம் கைக்கொள்ளத் தக்கது. விடியற்காலையில் தென் பர்கனாக்களிலிருந்து உள்ளூர் இரயிலின் வெண்டர் பெட்டியில் கூடைகளோடு வந்திறங்கும் பெண்மணிகளிடம் பனி ஈரம் உலராத கீரையை வாங்கலாம். அவர்களுள் ஒரு மாஷியிடம் எம் டப்பாவின் கதையைச் சொன்னோம். “சாப்பிடாமல் இருப்பதற்கா தாதா அவ்வளவு பணம் கொடுத்தீர்கள்?” என்று கேட்டுவிட்டு, ஒரு கட்டுக் கீரையைக் கூடுதலாகப் போட்டார்.

இப்போது எம் இல்லத்து வழக்கம் இதுதான். காலையில் மூன்று இட்டலியும், காய்கள் நிறைந்த சாம்பாரும். நண்பகலில் தட்டின் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ சுண்டலோ, உடன் மோர். சோறு ஒரே முறைதான். மாலையில் தெலேபாஜாவுக்குப் பதில் வெள்ளரியும் வெங்காயமும் வறுத்த கடலையும் கலந்த பொரி, அல்லது ஒரு கொய்யாப்பழம். சந்தேஷ் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். வீடு திரும்புகையில் அரை மணி நேர நடை. ஓராண்டில் எடை 77 கிலோவாயிற்று. வயிறு 93 சென்டிமீட்டர். டப்பாவில் இரண்டு மாதத்தில் கண்டதை அடைய ஓராண்டு சென்றது. ஆனால் அதன் பின்னும் ஓராண்டு கழிந்துவிட்டது, எடை திரும்பவில்லை. மகளும் எங்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறாள், குருதியும் தேறிவிட்டது. எடைப் பொறி பரண் மேல் இருக்கிறது. மாதம் ஒருமுறைதான் கீழிறங்கும்.

இரண்டு எச்சரிக்கைகளைக் கூறி முடிக்கிறோம். நீரிழிவுக்கு மருந்து உண்போரும், சிறுநீரக நோய் உடையோரும், கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேளாமல் உணவை மாற்றலாகாது. அன்றியும், ஆக்கிய பொருளெல்லாம் தீயது என்றும் கொள்ளற்க. தயிரும் பொரியும் உடைத்த பருப்பும் மனிதன் கைபட்டவையே. சமையலறையில் நாம் அறியாத பெயர்கள் நிறைந்த பட்டியலையே ஐயுற வேண்டும்.

வள்ளுவர் பெருமான் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்தார், 95ஆம் அதிகாரம். அதனைத் திறந்தால் மருந்தின் பெயர் ஒன்றேனும் இல்லை. முன் உண்டது செரித்தபின், பசித்து, அளவறிந்து உண்ணும் முறையையே பெரிதும் சொல்கிறார். ஈராயிரம் ரூபாய் டப்பாவில் இல்லாத அறிவு அதில் இருக்கிறது.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்திலிருந்து வடைக்குப் பதில் சுண்டலும், குளிர்பானத்திற்குப் பதில் மோரும் வழங்குவோமாக. நம் பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்பதில்லை என்று குறைகூறுகிறோம். ஆனால் நம் தட்டை அவர்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.