கண்ணசைவில் ஒரு நெடுங்கணக்கு

(நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் ஆவணப்படம் திரையிடப்பட்டபின் ஆற்றிய உரை)



இப்போது நீங்கள் பார்த்தது ஜெஸி வைல் இயக்கி 2012 இல் வெளிவந்த படம். 'ஜேசன் பெக்கர்: இன்னும் சாகவில்லை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கிற்றார் சத்தம் தொடங்கியதும் முன்வரிசையில் இருந்த பெரியக்காமார் சிலர் காதைப் பொத்தியதைக் கண்டேன். எழும்பிப் போகாமல் இருந்ததற்கு நன்றி!

பெக்கர் 1969 இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். இருபது வயதாகுமுன்பே தனி இசைத்தட்டு வெளியிட்டவர். டேவிட் லீ றொத் என்ற பிரபல பாடகரின் குழுவில் இடம் கிடைத்த அதே காலத்தில் ஒரு கால் இழுக்கத் தொடங்கியது. ஏ.எல்.எஸ். என்றார்கள். கைப்பலம் குறையக் குறைய மெல்லிய தந்திகளைப் பூட்டி ஒலிப்பதிவை முடித்தார். குழுவோடு மேடையேறப் போக முடியவில்லை. மூன்று முதல் ஐந்து வருடம் என்று வைத்தியர்கள் நாள் குறித்தார்கள்.

இந்த நோயில் இயக்க நரம்புக் கலங்கள் அழிகின்றன. கை, கால், நாக்கு, விழுங்கும் தசை, பிறகு சுவாசத் தசை என்று செயலிழக்கும். தொட்டால் தெரியும், காது கேட்கும், பெரும்பாலானவர்களுக்குச் சிந்தனை தெளிவாக இருக்கும். கண்ணை அசைக்கும் தசைகள் பொதுவாகக் கடைசிவரை தப்பிவிடும். குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. றிலுசோல் என்ற மருந்து சில மாதங்களை வாங்கித் தரும், அவ்வளவுதான்.

பெக்கருக்கு வைத்தியர்கள் சொன்ன கணக்குப் பொய்யல்ல. பெரும்பாலானவர்களுக்கு அதுதான் நடக்கிறது. ஆகவே இந்தப் படத்தைக் காட்டி, 'மனத்திடம் இருந்தால் போதும்' என்று எந்த நோயாளரிடமும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இறந்துபோனவர்களுக்கு மனத்திடம் காணாது என்றல்லவா அது ஆகிவிடும்? பெக்கரைச் சுற்றி இரவு பகலாக எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் பார்த்தீர்கள்தானே.

நான் இந்தப் படத்தைக் கேட்டு வாங்கியது அவருடைய தகப்பனாருக்காக. மகனின் பேச்சு நின்றபோது அவர் எழுத்துகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைத்தார். முதல் பார்வை கூட்டத்தைக் காட்டும், இரண்டாவது பார்வை எழுத்தைக் காட்டும். எதிரில் இருப்பவர் வாசித்துச் சொல்வார். பழகியவர்களுக்கு அட்டையே தேவையில்லை. விரல் ஒன்றும் அசையாத அந்த மனிதர் இப்படிச் சொல்லிச் சொல்லி இசை அமைத்தார். 2018 இலும் ஒரு இசைத்தொகுப்பு வந்தது.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். என்னிடம் சிகிச்சை பெற்ற ஒரு அம்மாவுக்குக் கண் மட்டும்தான் மிச்சம். "நோகுதே அம்மா? தண்ணி வேணுமே? ஃபானை நிப்பாட்டவோ?" என்று மகள் கேட்பார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று கண்ணை மூடுவார். இரண்டு நாள் கண்ணீர். அடைவு வைத்த சங்கிலியின் தவணை முடிகிறது என்பதைத்தான் அவர் சொல்லத் துடித்தார் என்று பிறகு தற்செயலாகத் தெரிந்தது. அந்தக் கேள்வியை யார் கேட்டிருப்பார்கள்?

தமிழில் 247 எழுத்தாயிற்றே என்று பயப்பட வேண்டாம். வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு, குறில் ஐந்து, நெடில் ஏழு. குறிலோடு ஆய்தத்தையும் விட்டால் ஐந்து கூட்டம், 31 எழுத்து. நாங்கள் இந்த மண்டபத்தில் கத்திக் கத்திப் பாடமாக்கியதுதான்! ம், ஆ என்று நான்கு பார்வையில் 'மா' வந்துவிடும். த், அ, ண் என்று ஆறு பார்வை போனதும் எந்த மகளும் தண்ணீரோடு ஓடி வருவாள்.

கண்ணசைவைத் தொடரும் கணனிகள் இருக்கின்றன. அவற்றின் விலை எங்கள் வீடுகளுக்குக் கட்டாது. இதற்கோ ஒரு கண்ணாடித்தாளும் ஒரு பேனையும் போதும். குரல் முற்றாகப் போகுமுன்பே குடும்பம் பழகிக்கொள்ள வேண்டும், அதுதான் முக்கியம்.

சங்கத்தில் தமிழாசிரியைகள் பலர் இருக்கிறீர்கள். எழுத்துகளை எந்த இடத்தில் வைத்தால் கண்ணுக்கு இலகு, எந்தச் சொற்களை முழுதாகவே எழுதிவிடலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உயர்தர மாணவிகள் எதிரெதிரே இருந்து பழகிப் பார்க்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் அக்காமார் பணம் அனுப்புமுன், ஒரு நாள் முழுவதும் வாய் திறக்காமல் அட்டையால் மட்டும் வீட்டாரோடு பேசிப் பார்த்து, எங்கே சிக்குகிறது என்று எழுதி அனுப்புங்கள். மாதிரி அட்டைகள் 50 வாசலில் வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.