பார்வையாளர் வரிசையில் ஒரு தாய்



கற்றோர் கூடிய அவையில் முன்னிடத்துக்கு உரியவனாக மகனை ஆக்குவதே தந்தை அவனுக்குச் செய்யும் நன்மை என்று மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்தார். மகன் அந்த அவைக்குள் நுழைந்தபின் தந்தை செய்யவேண்டியது யாது என்பதை அவர் சொல்லவில்லை. அங்கே தந்தைக்கு வேலையில்லை. சொல்லாது விட்டதற்கு அதுவே காரணமாகலாம். வேலையில்லாத அவ்விடத்தில் வாய்மூடி அமர்ந்திருப்பது எத்துணை அரிய செயல் என்பதே இவ்வுரையின் பொருள். இதனை விளக்கத் தமிழ்நாட்டில் சான்று தேடுவதைவிட அமெரிக்காவில் தேடுவது எளிது. அங்கே அதனை ஒரு போட்டியின் விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

1978-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், கிளாஸ்பரோ என்னும் ஊரின் கல்லூரியில் பணியாற்றிய சாமுவேல் மிக்லஸ் என்ற பேராசிரியரும் அவருடன் தியோடர் கோர்லி என்பாரும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு போட்டியைத் தொடங்கினர். 'ஒடிசி ஆஃப் தி மைண்ட்' என்பது அதன் பெயர்; மனத்தின் நெடும்பயணம் என்று கொள்ளலாம். ஒரு குழுவில் ஏழு பிள்ளைகள் வரை இருப்பர். சிக்கல் ஒன்றை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் பல மாதங்கள் கூடி அதற்குத் தீர்வு கண்டு, எட்டு நிமிடத்துக்குள் நாடகமாக நடித்துக் காட்டவேண்டும். இதற்கு 200 மதிப்பெண்; நயத்துக்கு 50; அன்றே கேட்டு அன்றே விடை சொல்லும் பகுதிக்கு 100.

மதிப்பெண் கணக்கைவிடக் கருதத்தக்கது ஒரு விதி: புறத்தார் உதவி கூடாது. பெற்றோரும் பயிற்றுநரும் கூடப் புறத்தாரே. தையல் கற்றுக்கொடுக்கலாம், நாடகத்துக்கான உடையைத் தைத்துக் கொடுக்கலாகாது. வாளையும் சுத்தியலையும் அடிபடாமல் கையாளும் வகையைக் காட்டலாம். எதை எங்கே அறுப்பது என்று சொல்லலாகாது. மேடையேறும் பிள்ளைக்கு ஒப்பனை செய்துவிடுவதும் குற்றமே. உதவி பெறவில்லை என்று படிவம் ஒன்றையும் குழு ஒப்படைக்கவேண்டும். மகளுக்குத் தலைவாரிப் பூச்சூட்டி அரங்கேற்றத்துக்கு அனுப்பிப் பழகிய தமிழ்த் தாய்க்கு இவ்விதி கொடுமையாகத் தோன்றும். தோன்றட்டும்.

இப்போட்டியில் ஆண்டுதோறும் இடம்பெறும் சிக்கல்களுள் ஒன்று பால்சா மரக் கட்டமைப்பு. சிறு விளையாட்டு விமானங்கள் செய்யப் பயன்படும் மிக மெல்லிய, பஞ்சொத்த மரம் அது. எட்டில் ஒரு பங்கு அங்குலப் பருமனுள்ள குச்சிகளையும் பசையையும் கொண்டு, ஏறத்தாழ எட்டு அங்குல உயரத்துக்கு ஒரு சிறு கோபுரம் எழுப்புவார்கள். 15 கிராம், 18 கிராம் என்றவாறு ஆண்டுக்கொரு வரம்பு இருக்கும். கோபுரத்தின் எடை அதனைத் தாண்டலாகாது. பின்பு அதன்மேல் இரும்பு வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். நன்கு கட்டியது நூற்றுக்கணக்கான பவுண்டுகளைத் தாங்கும்.

ஒரு தாயை எண்ணிப்பாருங்கள். அவள் கட்டடப் பொறியாளர் என்றே வைத்துக்கொள்வோம். அவள் வீட்டு உணவு மேசையில் இலையுதிர் காலம் முதல் அந்தக் கோபுரங்கள் எழுகின்றன, உடைகின்றன, மீண்டும் எழுகின்றன. கீழிருந்து மூன்றாம் அடுக்கில் குறுக்குக்குச்சி சேரும் இடம் வலுவில்லாதது என்று அவளுக்குப் படுகிறது. மகளிடம் அதைச் சொல்ல ஒரு நொடி போதும். "அம்மா, இது சரியா?" என்று மகளே கேட்கும் மாலையும் வருகிறது. "உனக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அடுக்களைக்குள் சென்று ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை அவள் மறுபடியும் கழுவுகிறாள்.

போட்டி நாள். பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடம். பலகை இருக்கைகளில் பெற்றோர் நெருங்கி அமர்ந்திருக்கின்றனர். கதை, பாட்டு, அட்டையில் வெட்டிய மரங்கள் ஆகியவற்றுக்கிடையே எடையேற்றம் நடக்கிறது. இரண்டு பிள்ளைகள் ஒரு வட்டைத் தூக்கி, நடுத்தண்டில் கோத்து, மூச்சடக்கி இறக்குகின்றனர். அடுத்த வட்டு. அதற்கடுத்தது. தாயின் கண்கள் மூன்றாம் அடுக்கைவிட்டு அகலவில்லை. மரம் முறிவதற்கு முன்னர் மெல்ல ஓர் ஒலி எழுப்பும். அது பசையின் ஓசையா மரத்தின் ஓசையா என்று தேர்ந்த செவிக்கும் பிடிபடாது. அவள் எழுந்து கத்தினால், சரியாகவே கத்தினாலும், குழுவின் மதிப்பெண் குறையும். ஏழு பிள்ளைகளின் ஆறுமாத உழைப்பு அவளுடையதாகிவிடும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கவிதைப் போட்டிகளுக்கு நடுவராகச் சென்றவர்கள் இவ்வரங்கில் உண்டு. எட்டு வயதுக் குழந்தையின் வாயிலிருந்து நாற்பது வயதுச் சினம் சந்தம் பிசகாமல் வருவதைக் கேட்டிருப்பீர்கள். குழந்தை ஓர் அடியை மறந்து நிற்க, மூன்றாம் வரிசையில் ஒரு தந்தையின் உதடுகள் அசைந்ததையும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தந்தையின் அன்பில் குறையில்லை. எழுதியவர் மேடைக்குக் கீழே இருக்கிறார், அவ்வளவுதான்.

நியூ ஜெர்சிக்குத் திரும்புவோம். கோபுரம் நொறுங்குகிறது. வட்டுகள் சரிந்த ஓசையில் கூடமே ஒரு கணம் உறைகிறது; பின்பு கைதட்டல். உடையும்வரை ஏற்றுவதே அங்கு வழக்கமாதலால் பிள்ளைகள் அழவில்லை, சிரிக்கின்றனர். சிதறிய குச்சிகளைப் பொறுக்குகிறாள் மகள். ஒவ்வொன்றும் நான்கைந்து துண்டாகக் கிடக்கிறது. எந்த இணைப்பு முதலில் விட்டது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆறு மாதம் அடக்கிவைத்த அந்தத் திருத்தம் சரியா தவறா என்பதைத் தாய் இனி அறியப்போவதில்லை.

எஞ்சியிருப்பது உடனடிச் சிக்கல். தமிழ்ப் புலவருக்கு இது புதிதன்று. கொடுத்த பொருளில் கொடுத்தவுடன் பாடுபவனை ஆசுகவி என்று நால்வகைக் கவிகளுள் வைத்திருக்கிறோம். ஆனால் இங்கே அவை இல்லை, பார்வையாளரே இல்லை. பிள்ளைகளும் நடுவர்களும் அறைக்குள் சென்றதும் கதவு சாத்தப்படும். சொல்லால் விடை தரும் சிக்கலாயின் பிள்ளைகள் முறைவைத்து விடை சொல்லவேண்டும். வழக்கமான விடைக்குக் குறைந்த மதிப்பெண், எவரும் எண்ணாத விடைக்குக் கூடுதல். ஒரு பிள்ளை விடை தோன்றாமல் நின்றால் அதைத் தாண்டி அடுத்த பிள்ளை பேச இயலாது. அவன் நின்றால் குழுவே நிற்கும். காலம் மட்டும் ஓடும். வெண்பாவின் ஈற்றடி கைக்கு எட்டாமல் மேடையில் நின்றவர்களுக்கு அந்த மௌனத்தின் நீளம் தெரியும்.

கதவுக்கு வெளியே, நடைக்கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள் தாய். உள்ளே என்ன கேட்டார்கள் என்பதைப் பிள்ளைகள் வெளியே சொல்லக்கூடாது. மற்றக் குழுக்கள் இன்னும் உள்ளே செல்லவில்லை. கதவு திறக்கிறது. ஏழு பேரும் வருகின்றனர். மகளின் முகம் சிவந்திருக்கிறது. அது மகிழ்ச்சியா, நாணமா, விடை வராமல் நின்றவள் அவள்தானா, தெரியவில்லை. மகள் தாயைப் பார்க்கிறாள். உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டுகிறாள். தாய் தலையசைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்து, காலையில் கொண்டுவந்த ரொட்டியை எடுத்து நீட்டுகிறாள். அதற்கு விதியில் தடையில்லை.