கோடையில் மதுரைக்கு

கோடை விடுமுறையில் வெளிநாட்டு மாணவர்கள் சிலர் பயிற்சிக்காக மதுரைக்கு வருகிறார்கள். எங்கே தெரியுமா? அரவிந்த் கண் மருத்துவமனைக்கு. டாக்டர் வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பிறகு, 1976-இல், 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அந்த மருத்துவமனை ஒரு பாடம்.

பாடத்தில் படித்ததைக் கிராமத்துக் கண் முகாமில் நேரில் பார்க்கலாம். அறுவை சிகிச்சை இலவசம் என்று சொன்னாலும் ஏழைகள் ஏன் வரவில்லை? பேருந்துக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி, எல்லாமே தடைதான். அதனால்தான் முகாமில் தேர்வானவர்களை மருத்துவமனையே அழைத்துவந்து, உணவும் கொடுத்து, ஊரில் கொண்டுபோய் விடுகிறது.

உதவி செய்யப் புறப்படும் பிள்ளைகள் முதலில் இந்தக் கணக்கைத்தான் படிக்க வேண்டும் என்பேன்.