தரை எவ்வளவு நகர்ந்தது?



2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியை மறந்திருக்க மாட்டீர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த அலையை எழுப்பியது ஒரு பூகம்பம். சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை, சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடிப் பாறை நழுவியது.

எவ்வளவு நழுவியது? கடலுக்கு அடியில் போய் யார் முழம் போடுவது?

அதனால் தீவுகளை அளந்தார்கள். வானத்தில் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அவை ஓயாமல் சைகை அனுப்புகின்றன. சைகை வந்து சேரும் நேரத்தை வைத்து, தான் இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். கருவி கணக்கிடுகிறது. ஒரே இடத்தில் நாள் கணக்கில் வைத்தால், மில்லிமீட்டர் கணக்கில் இடம் தெரியும்.

அந்தமான் நிக்கோபாரில் பூகம்பத்துக்கு முன்பே சில இடங்களை அளந்து வைத்திருந்தார்கள். நல்லவேளை! பிறகு அதே இடங்களை மறுபடி அளந்தார்கள். தீவுகள் ஒன்றரை மீட்டர் முதல் ஆறரை மீட்டர் வரை நகர்ந்திருந்தன. பெரும்பாலான இடங்கள் தாழ்ந்தும் போயிருந்தன. தெற்கு அந்தமானில் சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்தது இதனால்தான்.

மல்காஜ்கிரிக்கு அருகில், உப்பல் சாலையில், தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் விஞ்ஞானிகளும் இந்திய நில அளவைத் துறையினரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். மேல்தரை இவ்வளவு நகர்ந்தால் அடிப்பாறை எவ்வளவு நழுவியிருக்கும்? அந்தமானுக்கு அடியில் சுமார் 4 முதல் 8 மீட்டர். நிக்கோபாருக்கு அடியில் 11 முதல் 15 மீட்டர். 15 மீட்டர் என்றால் வளர்ந்த தென்னை மரத்தின் உயரம்!

ஹைதராபாத்தும் அன்று கிழக்கே நகர்ந்தது. ஒரு விரல் அகலம்கூட இல்லை. அங்கே நிலையாக வைத்திருந்த கருவி அதையும் காட்டியது.