கல்லைப் படிக்கவிடும் படம்



பழைய கோயிலையும் கோட்டையையும் தேடிப் போய்ப் படம் எடுப்பவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்கள் காட்டும் படத்தைப் பார்த்தால் நான் ஒன்றுதான் கேட்பேன்: கல்லைப் படிக்க முடிகிறதா? வானம் செக்கச்செவேல் என்று எரிகிறது, ட்ரோன் கோபுரத்துக்கு மேலே வட்டமிடுகிறது. கல் மட்டும் கருநிழலாக நிற்கிறது. உளி போன தடம் எங்கே, எழுத்து எங்கே?

இந்தக் கலையில் எனக்கு ஆசான் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டன். 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை என்று மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தார். ஈரப்பூச்சுக் கண்ணாடித் தகட்டில் எடுத்தால் ஈரம் காய்வதற்குள் அங்கேயே கழுவியாக வேண்டும். நம் வெயிலுக்கு அது சரிப்படுமா? பெரும்பாலும் மெழுகு பூசிய தாளையே அவர் நம்பினார். அதை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்ததைக் கேளுங்கள். விமானத்தின் உயரத்தை எடுத்ததோடு அவர் நிற்கவில்லை. அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டு வரிகளுக்கு எதிரே கேமராவை வைத்தார். ஒரு பகுதியை எடுப்பது, நகர்த்துவது, அடுத்த பகுதியை எடுப்பது. இப்படி 21 படங்கள். சேர்த்து ஒட்டினால் ஏறக்குறைய 19 அடி நீளம்! தான் கொடுத்ததையும் தமக்கை கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் ராஜராஜன் கல்லில் வெட்டச் சொன்னானே, அந்த விமானம். 1858-ல், தமிழ் தன் தாய்மொழி அல்லாத ஒருவர், எழுத்துதான் முக்கியம் என்று அதன் முன்னே நின்றிருக்கிறார்.

வானத்தில் அவர் தூரிகையால் மேகம் தீட்டினார் என்று சிலர் குறை சொல்வார்கள். அந்தக் காலத்துத் தாளில் நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். எனக்கு அது குறையே இல்லை. அடுத்த ஆண்டே, 1859-ல், சென்னை ஆளுநர் டிரெவெலியன் இதெல்லாம் ஆடம்பரம் என்று அரசின் புகைப்பட வேலையையே நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இனி வெளிச்சத்துக்கு வருகிறேன். விடியற்காலை ஒளிதான் அழகு என்பது இன்றைய வேதவாக்கு. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழுந்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். ஒருமுறை, கூட இருந்த இளைஞர்கள் எட்டு மணிக்கே பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் இருந்தேன். பதினொரு மணிவாக்கில் வெயில் பாறையை உரசிக்கொண்டு இறங்கியது. ஒற்றைக்காலில் நிற்கும் தவசியின் விலா எலும்புகள் வரிவரியாக எழுந்தன. கீழே தவம் செய்யும் பூனை கண்முன் வந்து நின்றது. சாய்ந்து விழும் ஒளி, மறுபடியும் சொல்கிறேன், சாய்ந்து விழும் ஒளிதான் கல்லைப் பேச வைக்கும்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை போகும்போது முதலில் சுவர் எந்தத் திசை பார்க்கிறது என்று கவனியுங்கள். கிழக்குச் சுவருக்கு உச்சிக்குச் சற்று முன், மேற்குச் சுவருக்கு உச்சிக்குச் சற்றுப் பின். எந்தச் சுவர், என்ன நேரம் என்று குறித்தும் வையுங்கள். கோபுரத்தை ஆயிரம் பேர் எடுத்தாகிவிட்டது. உங்கள் ஊர்க் கோயிலின் அடிச்சுவரை, வரி விடாமல், நீங்கள் எடுங்கள்.