எடையைச் சுமப்பது எந்தக் கால்?



தண்டுவடத்தில் அடிபட்ட ஓர் எலி சில வாரம் கழித்து எழுந்து நடக்கிறது. பார்ப்பவர் யாரானாலும் ‘பிழைத்துக்கொண்டது, குணமாகிவிட்டது’ என்றுதான் சொல்வார். ஆராய்ச்சி செய்பவர் மட்டும் அப்படி அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. நாலுகால் பிராணிகள் சமாளிப்பதில் கெட்டிக்காரத்தனம் மிக்கவை. ஒரு பின்னங்கால் வலுவிழந்தால் மற்ற மூன்றும் அதன் சுமையைச் சத்தமில்லாமல் பங்குபோட்டுக்கொள்ளும். எலி நடக்கும், அறுந்த நரம்பு அறுந்தபடியே கிடக்கும். புதிதாகக் கொடுத்த மருந்து வேலை செய்ததா, அல்லது எலி தன் சாமர்த்தியத்தால் ஒப்பேற்றுகிறதா? இதைப் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் அந்த மருந்தை மனிதருக்குக் கொண்டுவருவதில் அர்த்தமில்லை.

வெறும் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாஸோ, பீட்டி, பிரெஸ்னஹான் என்ற மூவர் 1995இல் வெளியிட்டது. மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து பி.பி.பி. என்பார்கள். எலியைத் திறந்த வெளியில் நடமாட விட்டு, இரண்டு பேர் நான்கு நிமிடம் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். பின்னங்கால் அசையவே இல்லை என்றால் பூஜ்யம். குறையில்லாத நடை என்றால் 21. உள்ளங்கால் தரையில் பதிகிறதா, உடம்பின் எடையைத் தாங்குகிறதா, முன்னங்காலோடு ஒத்துப்போகிறதா, வால் தூக்கி நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கணக்கில் வரும். நல்ல முறைதான், உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் ‘எடையைத் தாங்குகிறது’ என்பதைக் கண் சொல்லுமே தவிர, எவ்வளவு எடை என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்வது விசைத்தட்டு. நாம் தரையை மிதிக்கும்போது தரையும் அதே அளவு விசையோடு நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். ரயில் நிலையத்தில் காசு போட்டு எடை பார்ப்போம் அல்லவா, அந்த இயந்திரம் கீழ்நோக்கிய அழுத்தத்தை மட்டுமே காட்டும். விசைத்தட்டு மூன்று திசைகளிலும் அளக்கும்: மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும். தட்டுக்கு அடியில் மெல்லிய உலோகத் தாங்கிகள். அவற்றில் ஒட்டிய உணரிகள். உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் உணரியின் மின்தடை மாறும். அந்த மாற்றம்தான் கணினித் திரையில் கோடாக ஏறி இறங்குகிறது. 1938லேயே மேன்டர் என்ற ஆய்வாளர் பூனை நடக்கும்போது கால்கள் தரையில் செலுத்தும் விசையை அளந்து எழுதியிருக்கிறார்.

எலியிடம் வரும்போது சங்கடமே அளவுதான். 300 கிராம் எலியின் மொத்த எடையும் ஏறத்தாழ மூன்று நியூட்டன். அதை நான்கு கால்களுக்குப் பிரித்து அளக்க வேண்டும். ஒரு பாதம் மட்டும் ஒரு தட்டில் விழ வேண்டும். இரண்டு சேர்ந்து விழுந்தால் எந்தக் காலின் விசை எது என்று பிரிக்க முடியாது. ஓடுபாதையின் கோடியில் தீனி வைத்து எலியைப் பழக்குவார்கள். அதற்கோ நம் ஆய்வைப் பற்றி என்ன கவலை? நடுவழியில் நின்று மோப்பம் பிடிக்கும், தட்டின் மேலேயே உட்கார்ந்து மூஞ்சியைத் துடைத்துக்கொள்ளும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் விசை மாறுவதால், சீரான வேகத்தில் ஓடிய ஓட்டங்களை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். மற்றதெல்லாம் குப்பைக்கு.

இவ்வளவு பாடுபட்டால் என்ன கிடைக்கும்? கனடாவின் ஜில்லியன் மியூர், இயன் விஷா இருவரும் செய்த ஆய்வுகளைச் சொல்கிறேன். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதைகளை அவர்கள் தனித்தனியாகச் சோதித்தார்கள். மூளையின் மேலுறையிலிருந்து கிளம்பும் பாதைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நமக்குத் தோன்றும்; மனிதர் விரல்களை நுணுக்கமாக அசைப்பது அதனால்தான். எலியில் அதைச் சேதப்படுத்தினார்கள். 1999இல் வந்த முடிவு: சமதரையில் நடக்கும் எலியின் விசைகள் முழுமையாகத் தேறியிருந்தன. அடுத்த ஆண்டு, நடுமூளையில் ‘சிவப்புக் கரு’ எனப்படும் நரம்பணுத் திரளைச் சேதப்படுத்திய எலிகளை அளந்தார்கள். நடை கெட்டிருந்தது. அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்குவது பரிணாமத்தில் பழைய பாதை. மேலுறையின் புதிய பாதை இல்லாமல் நடந்துவிட்ட எலிக்கு இது இல்லாமல் தடுமாற்றம். எனக்கு இந்த ஆய்வுகளில் பிடித்ததே இதுதான். எது முக்கியம் என்று நாம் முன்கூட்டியே போட்டுவைத்த வரிசையை, ஒரு சின்ன உலோகத் தட்டு கலைத்துப்போடுகிறது.

ஆனாலும் விசைத்தட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. கால் எவ்வளவு தள்ளியது என்று அது சொல்லும். தள்ளச் சொல்லி உத்தரவிட்டது யார் என்று சொல்லாது. தண்டுவடத்துக்கே நடையின் தாளம் தெரியும். கனடாவின் மாண்ட்ரியலில் பார்போவும் ரோசிஞோலும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், தண்டுவடம் முழுவதும் துண்டிக்கப்பட்ட பூனைகள் ட்ரெட்மில் பயிற்சிக்குப் பிறகு பின்னங்காலில் எடையைத் தாங்கியபடி நடந்தன. மூளையின் கட்டளை ஒன்றுகூட அந்தக் கால்களுக்குப் போய்ச் சேரவில்லை.

உத்தரவு எங்கிருந்து வந்தது என்ற இதே கேள்வி நாய்களிடமும் எழுந்தது. டாக்ஸ்ஹண்ட் போன்ற நீள உடல் நாய்களுக்கு முதுகெலும்பின் வட்டு பிதுங்கித் தண்டுவடம் நசுங்குவது சகஜம். 2012இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், வீடுகளில் வளர்ந்த, தண்டுவடம் பாதிக்கப்பட்ட 34 நாய்களிடம் செய்த ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சில நாய்களின் மூக்கிலிருந்தே செல்களை எடுத்து வளர்த்து, அடிபட்ட இடத்தில் செலுத்தியிருந்தார்கள். பின்னங்காலை இழுத்துக்கொண்டு திரிந்த ஒரு நாய் ட்ரெட்மில்லில் அடியெடுத்து வைக்கும் காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. அதிசயம் என்று எழுதினார்கள். அளந்து பார்த்ததில், செல் பெற்ற நாய்களுக்கு முன்னங்காலும் பின்னங்காலும் ஒத்துப்போவது மெய்யாகவே மேம்பட்டிருந்தது. ஆனால் மூளைக்கும் பின்பகுதிக்கும் இடையிலான நீண்ட தொடர்பிலோ சிறுநீர்ப்பையின் இயக்கத்திலோ செல் பெற்ற, பெறாத இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அடிபட்ட இடத்துக்கு மேலும் கீழும் குறுகிய தொலைவில் ஏதோ இணைப்பு உண்டாகியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் ஊகம். தொலைக்காட்சியில் ஓடிய காட்சியில் இந்தப் பாதி இல்லை.